பாய் கடைப் புகை

பதினான்கு மணி நேரம் புகையில் வெந்த டெக்ஸாஸ் பார்பிக்யூவாம். தட்டு வைக்கத் துப்பில்லாமல் மரப்பலகையில் மாட்டுக்கறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே ஊற்றிய சாஸ் ஜாம் மாதிரி இனித்தது. பரிமாறுகிறவன் தலையில் கௌபாய் தொப்பி வேறு. என்னை அழைத்துவந்த மகன் அதையும் படமெடுத்தான். புகை வாசனை மட்டும் பொய் சொல்லவில்லை.

இன்று இந்த ஓட்டல்காரர்கள் கார் நிறுத்த வைத்திருக்கும் இடத்தில்தான், உழவர்கரையில் என் சின்ன வயதில், பாய் கடை இருந்தது: ஓலைக் கொட்டகை, விசிறும்போதெல்லாம் சிவந்து சிவந்து அடங்கும் கரி, சைக்கிள் கம்பியில் கோத்த மாட்டுக்கறியிலிருந்து கொழுப்பு சொட்டிச் சீறும் சத்தம், ஞாயிறு பூசை முடிந்து சட்டை மடிப்புக் கலையாமல் காத்து நிற்கும் நாங்கள். பாய் மந்தார இலையில் மடித்துத் தருவதை அப்பா பைக்குள் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொள்வார். வழியில் யாராவது "பையில என்னா?" என்றால், "மட்டன்" என்பார். தின்றபின் இலையைக்கூட அடுத்த தெருக் குப்பையில்தான் போடுவோம். வாசனை தெருவையே தூக்கும்போது யாரை ஏமாற்றினோமோ!

"பீஃப் இன்னொரு பிளேட் வைக்கட்டுமா சார்?" தொப்பிக்காரன் கூடமே கேட்கக் கத்தினான்.

பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "மெதுவா பேசுப்பா" என்றேன்.