எப்பவும் போலத்தான்

களி உருண்டையின் நடுவில் விரலால் குழி செய்து, குழம்பு விடவேண்டிய அந்தக் குழியில் கண்டக்டர் அண்ணன் சர்க்கரையைக் கொட்டி நிரப்பியதைப் பார்த்து நான் சிரித்தேன். "என்னண்ணா, சின்னப் பிள்ளை ஆயிட்டீங்களா?" என்று கேலியும் செய்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா, அவர் மனைவி, சிரிக்கவில்லை. அந்த முகத்தை அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

ஏரியூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுவது என் வேலை. வருடத்துக்கு ஒரு முறை, அதே ஆட்கள், அதே கேள்விகள். பின்னாளில் அவர்களில் யாருக்காவது மறதி நோய் வந்தால், அதற்குப் பல வருடங்கள் முன்பே சாப்பாட்டில் ஏதாவது மாறியதா என்று திருப்பிப் பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு. களியும் கீரையும் எழுதுவதற்குச் சம்பளமா என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். நான் மட்டும் அதைப் பெரிய வேலையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் அண்ணன் பென்னாகரம் பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வருடம் போனபோது அவர் சாப்பாட்டைப் பற்றி அக்கா சொன்னதை எழுதவே ஒரு பக்கம் போதவில்லை. காரம் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். களிக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார். இனிப்பு என்றால் கல்யாணப் பந்தியில்கூட இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அடுத்த வருடத்திலிருந்து எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. நாற்பது கேள்விகள், வெயில், ஒரு மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, அண்ணன் சாப்பாடெல்லாம் எப்பவும் போலத்தானுங்களே?" என்பேன். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வீட்டில் இழவே விழுந்திருந்தாலும் முதலில் அதுதான் வாயில் வரும். "எப்பவும் போலத்தான் கண்ணு, உள்ள வா." போன வருடத்துத் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவேன். மாற்றம் இல்லை. சர்க்கரையைக் கண்ணால் பார்த்த வருடமும் அதையேதான் எழுதினேன்.

பிறகு ஒருநாள் அவர் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஊர் பேர் கேட்டதற்குச் சொல்லவில்லை. தர்மபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மறதி நோய், முற்றியிருக்கிறது என்றார்.

சேதி கேட்டுப் போனேன். அக்கா திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மூணு வருசமா சக்கர, வெல்லம், பன்னு... இதேதான் கண்ணு. என்னைப் பழி வாங்கத்தான் என் கொழம்பத் தொட மாட்டேங்கறாருன்னு நெனச்சேன். டப்பாவ ஒளிச்சு வெச்சேன். ஒருக்கா கைய நீட்டி அளுதாரு. அப்பவும் குடுக்கல" என்றார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ எங்க கேட்ட? எப்பவும் போலத்தானேன்னு நீயே சொல்லிட்ட. எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ள, அப்படித்தான் கேக்கணும் போலன்னு விட்டுட்டேன்."

முன்பே தெரிந்திருந்தால் நோயை நிறுத்தியிருக்கலாம் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அந்த இனிப்பு ஆசை வீம்பு இல்லை, நோய்தான் என்று தெரிந்திருந்தால் அந்த மூன்று வருடச் சண்டை வேண்டியிருந்திருக்காது. அவர் அழுதபோது அக்கா கொடுத்திருப்பார்.

எங்கள் அலுவலகத்தில் டாக்டரம்மா அண்ணனுடைய தாள்களை மேசையில் பரப்பி, "நோய் வந்திருக்கு, சாப்பாட்டில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை, ஆச்சரியமாயிருக்கே" என்றபோது கேட்காமலே எழுதியதை ஒளிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை; தாள்களைச் சேர்த்துக் கட்டி, கணக்கில் எடுக்க முடியாது என்று சிவப்பு மையில் எழுதித் தனியாக வைத்தார். மற்ற வீடுகளில் எத்தனை "எப்பவும் போல" எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். இப்போது எல்லா வீட்டிலும் முதல் கேள்வியிலிருந்து கேட்கிறேன். அதனால் அண்ணனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன மாதம் போனபோது அக்கா அவருக்குக் களியைக் கரைத்து, வெல்லம் போட்டு, கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். வாயோரத்தில் வழிவதை முந்தானையால் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இத்தன வருசமா அவரு தின்னதயெல்லாம் எழுதி வெச்சிருக்கியே கண்ணு. அவருதான் இப்பிடி ஆயிட்டாரு. அது வேற யாருக்காச்சும் ஒதவுமில்ல?"

"ஒதவும்க்கா" என்றேன்.