பங்குக் கிணற்றில் பத்து எச்.பி.

அறுபதுகளில் புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் கடையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி ஒரு சொல்லை விளக்கினார். எச்.பி. என்றால் ஹார்ஸ் பவர். ஒரு மோட்டார் எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கும் என்பதன் அளவு. வாங்க வந்தவர்களுக்கோ அது ஆளின் அளவு. ஐந்து எச்.பி.காரர் எதிரே வந்தால் மூன்று எச்.பி.காரர் ஒதுங்கி வழிவிட்டார். பெண் கேட்டு வந்தவர்கள் நிலத்தோடு எச்.பி.யையும் விசாரித்தார்கள்.

திருவரங்குளம் பக்கம் கருப்பையா, சின்னையா என்று அண்ணன் தம்பி. நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒருநாள் முறை. மாடு கட்டி இறைத்த காலத்தில் மாடு களைத்துவிடும், அடுத்தவனுக்கும் தண்ணீர் மிஞ்சும். மோட்டார் களைப்பதில்லை. அண்ணன் ஐந்து எச்.பி. வைத்தார், மறுநாள் தம்பிக்குப் பாதிக் கிணறுதான் இருந்தது. தம்பி ஏழரை வைத்தார். அண்ணனுக்கு இடுப்பளவு மிஞ்சியது. அண்ணன் பத்து வாங்கினார்.

மாட்டப் போனது நான். இருவர் வயலிலும் நெல் பால் பிடிக்கிற சமயம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேரும். எட்டிப் பார்த்தேன். ஊற்று மெலிந்திருந்தது, பக்கமெல்லாம் வெறும் மண்சுவர். சட்டென்று இறைத்தால் கரை சரியும், பழைய ஐந்தை வைத்துக்கொண்டு இருவரும் அரைநாள் அரைநாளாக ஓட்டுங்கள் என்றேன்.

கருப்பையா சிரித்தார். "எந்தம்பி ஏழரை வச்சிருக்கான். நான் அஞ்சுக்கு எறங்கிட்டா ஊருல எவன் மதிப்பான்? நீங்க மாட்டுங்க."

மாட்டினேன். வாய்க்கால் வழிந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். மத்தியானத்துக்குள் கிணறு வற்றி பம்பு காற்றை இழுத்தது. நிறுத்தச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க. சத்தம் அங்கிட்டு அவன் வீடு வரைக்கும் கேக்கட்டும்."

கேட்டது. சாயங்காலம் கரை சரிந்து ஊற்றுக்கண்ணை மண் மூடியது. மண்ணை அள்ளுவது யார் பொறுப்பு என்று அண்ணனும் தம்பியும் பஞ்சாயத்தில் வாதாடி முடிப்பதற்குள் இருவர் கதிரும் பதராகிவிட்டது. பத்து எச்.பி. வயலும் ஏழரை எச்.பி. வயலும் ஒரே நிறத்தில் காய்ந்தன.

அடுத்த வாரம் சின்னையா கடைக்கு வந்தார். கிணற்றைத் தூர்வாரியாயிற்றா என்று கேட்டேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"பத்துக்கு மேல என்னங்க இருக்கு?"

முதலாளி எழுந்து நாற்காலி போட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. மோட்டார் கேட்டு வருபவர் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாவிட்டால், அவருக்கு வேண்டியது தண்ணீர் இல்லை.