கட்டம் போட்ட சேலை திரைக்குள் அடங்கிய நாள்

திருவாரூர்க் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடைக்கு இணையதளம் செய்துகொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. சம்பா அறுவடை முடிந்து கல்யாணக் கூட்டம் வருவதற்குள் முடிக்க வேண்டும். சொதப்பினால், சென்னையில் அண்ணன் பார்த்து வைத்திருந்த கம்பெனிக்குப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்குச் சென்னை பிடிக்காது. ஊரில் இருந்தே பிழைத்துக் காட்ட வேண்டும் என்று வீம்பு.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அனுப்பிய சேலைப் படங்கள் ஒவ்வொன்றும் ராட்சச அளவு. முதலில் அப்படியே போட்டேன். அவர் போனில் திறந்தால் பார்டரின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. மீதிச் சேலை திரைக்கு வெளியே. சரியென்று உயரம், அகலம் இரண்டுக்கும் நானே எண் போட்டு அடக்கினேன். முழுச் சேலையும் வந்துவிட்டது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கட்டம் ஏம்மா நசுங்கிக் கெடக்கு? இது சதுரக் கட்டம். இப்படிப் போட்டா வேற சேலைன்னு நெனச்சுக்குவாங்க. உனக்குச் சரிப்படலேன்னா சொல்லிடும்மா, சென்னைல ஆள் இருக்கு."

எங்கே திரும்பினாலும் சென்னைதானா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே விற்பனைப் பெண் ஒருவர் சேலையை முந்தானையோடு முழுசாக விரித்தார். வாங்க வந்த அம்மாள் முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகுதான் கிட்ட இழுத்து ஜரிகையைத் தடவினார். பிரவுசருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று அப்போது உறைத்தது. படத்தின் அகலம் திரையைத் தாண்டக் கூடாது, உயரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். விரல் பட்டால் மட்டும் படம் தன் முழு அளவில் திறக்கட்டும். நான்கைந்து வரிதான், எழுதிவிட்டேன்.

பாய் தன் போனில் திறந்து பார்த்தார். போனை அந்த அம்மாளிடமே நீட்டினார். அவர் முழுச் சேலையைப் பார்த்தார். கட்டங்கள் சதுரமாக நின்றன. விரலால் தொட்டார். ஜரிகை இழை இழையாகத் திரையை நிறைத்தது.

"இது எங்க இருக்கு? எடுத்துப் போடுங்க பாய்," என்றார் அவர், கையிலிருந்த சேலையைத் தள்ளிவைத்துவிட்டு.

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பாய் என் பக்கம் திரும்பினார்.

"மிச்சப் படத்தையும் நீயே போட்டுடும்மா."

கடை வாசலுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அந்தக் கம்பெனில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுண்ணே. எனக்கு இங்க வேலை இருக்கு."