சிறுமலையில் வெட்டாமல் விட்ட விதை

சிறுமலையில் தனியாக நின்ற அந்த மரம் பட்டுப்போய்விட்டது. உறுதிப்படுத்தியவர் தாவரவியலாளர் ஜெசிந்தா. ஆடி மாதம் இரண்டாவது வாரத்தில், என் கண் முன்னால், பேனாக்கத்தியால் பட்டையை மூன்று இடங்களில் கீறிப் பார்த்துச் சொன்னார். எங்கும் பச்சை இல்லை. அந்த மரத்தின் ஒரு விதை இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. நேற்று காலை வரை முளைக்கவில்லை. இதுவும் அவர் சொன்னதுதான், போனில்.

சிறுமலைக்குப் பழம் வாங்கவும் பனி பார்க்கவும் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு மரத்துக்காக. ஜெசிந்தா திண்டுக்கல்காரர், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. சீத்தாப்பழம், நெட்டிலிங்கம், மனோரஞ்சிதம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் எந்தச் செடி எந்தப் பேரினத்தில் சேரும் என்று பிரிப்பதுதான் அவருடைய வேலை. உடன் வேலை செய்தவர்கள் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள். அவருடைய வீட்டில் ஓர் அறை முழுக்க அழுத்தி உலர்த்திய இலைகளும் நாப்தலின் வாடையும்தான். நான் போன அன்று அவர் நாற்காலி ஒன்றைக் காலி செய்து தூசி தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அறைக்கு ஆள் வந்து நாளாகியிருக்கிறது.

மலையில் அவர் கண்ட மரம், இதே குடும்பத்து மரமான நெடுநாரையைப் போல இருக்கும், ஆனால் பூ வேறு மாதிரி. நெடுநாரையின் பேரினமா, வேறொன்றா என்று சொல்ல விதை வேண்டும். கொட்டைப்பாக்கை வெட்டினால் உள்ளே கோடுகள் ஓடுமே, அதுபோல இந்தக் குடும்பத்து விதைகளிலும் ஓடும். அது ஊசி ஊசியாக இருக்கிறதா, தகடு தகடாக இருக்கிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது. இலையிலிருந்து எடுத்த மரபணு, பக்கத்து வீடு, அதாவது நெருங்கிய உறவு, எது என்று காட்டிவிட்டது. இந்த வீட்டுக்குப் பெயர் சொல்லவில்லை.

இந்தக் குடும்பத்தில் பல மரங்களின் பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறும். மகரந்தம் வர வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு மரம் பூத்திருந்தால் நல்லது. இதற்கு அப்படித் துணை எதுவும் அவர் தேடிய வரையில் கிடைக்கவில்லை. வருடா வருடம் பூத்தது, உதிர்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மாலை எனக்கு அவருடைய போன் வந்தது. "அந்தோணி பேசுனான். மரம் காச்சிருச்சாம். நாளைக்குப் போறேன், வாரீகளா?" அந்தோணி மலையில் வாழையும் மிளகும் போட்டிருப்பவர். மரம் அவருடைய பட்டா நிலத்தின் ஓரத்தில் நிற்கிறது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் காலை 6.15 பேருந்தில் ஏறினோம். மலை ஊர் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். நடத்துநருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "என்ன சீத்தாப்பழ டீச்சர், இந்தத் தடவையாச்சும் பழம் உண்டா, இல்ல வெறும் தழைதானா?" என்றார். "இந்தத் தடவை உண்டுப்பா" என்று டீச்சர் சொன்னார். அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மேலே ஏற ஏறக் கீழே சமவெளி வெளுத்துக் கிடந்தது. மலைக்கோட்டை பொம்மைக் கல்லாகத் தெரிந்தது. ஆடிக்காற்றில் ஜன்னல் ஓயாமல் அடித்துக்கொண்டது.

7.40க்கு இறங்கினோம். அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. அந்தோணி வாழைத்தோப்பு முனையில் நின்றார். டீச்சர் நின்று பேசாமல் அவரைத் தாண்டி நேரே மரத்தடிக்குப் போனார். கிளையில் இலை ஒன்றுகூட இல்லை. கத்தியை எடுத்துக் கீறினார். மூன்றாவது கீறலுக்குப் பிறகு கத்தியை மடக்கினார்.

"காச்சிருச்சுன்னு சொன்னியேப்பா."

"காஞ்சிருச்சுன்னுல்ல டீச்சர் சொன்னேன்." அந்தோணிக்கு முகம் விழுந்துவிட்டது. "டவரு வேற விட்டு விட்டு வந்துச்சு. நீங்க ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு வச்சுட்டீக. மரம் செத்ததுக்கு என்னத்துக்கு நன்றி சொல்றாகன்னு நானும் வீட்டுலயும் செத்த நேரம் ரோசிச்சோம்."

ஓர் எழுத்து. எங்கள் பக்கத்துப் பேச்சில் காய்த்ததும் காய்ந்ததும் அந்த ஓர் எழுத்தில்தான் பிரிகின்றன. அவர் காத்திருந்த சொல் காதில் விழுந்துவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

டீச்சர் மரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு கையால் சருகைக் கிளற ஆரம்பித்தார். முதலில் கிடைத்தது காய்ந்த பழக்காம்பு, கொத்தாக. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரம் ஒரு தடவை காய்த்திருக்கிறது. அவர் வராத ஏதோ ஒரு மாதத்தில் பழுத்து, பறவையோ மரநாயோ தின்றிருக்கிறது. மூவருமாகச் சருகைச் சலித்தோம். நான்கு விதைகள் கிடைத்தன. மூன்றில் பூச்சி துளைத்து உள்ளே வெறும் தூள். ஒன்று மட்டும் கனமாக இருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டாமல், ஸ்கேன் எடுத்து உள்ளே பார்க்க வழியில்லையா என்று கேட்டேன். வெளியூரில் வழி உண்டு, ஆனால் முறை வருவதற்குள் ஈரம் போய்விடும், ஈரம் போனால் இந்த விதை முளைக்காது என்றார்.

அந்தோணி சொன்னார்: "வெட்டிப் பாத்துருங்க டீச்சர். இம்புட்டு வருசம் அலைஞ்சதுக்கு அதாச்சும் தெரியட்டும்."

"வெட்டுனா எனக்குத் தெரியும். அம்புட்டுதான். மரம்னு ஒண்ணு இருக்காதுல்ல."

கத்தி அவருடைய மடியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டார். கீழே வெயில் தாங்காது என்று, அந்தோணி வீட்டுப் பின்புறம், அந்த மரத்தடி மண்ணையே நிரப்பிய நாற்றுப்பையில் விதையை ஊன்றினார். கோழி கிளறாமல் மேலே கூடை கவிழ்த்தார். மாலைப் பேருந்தில் திரும்பும்போது அவரிடம் பழக்காம்பு மட்டும் இருந்தது. இருட்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். நிலையத்தில் இறங்கி, "வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்துகள் குறைவு. கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் காற்று பலம், தலைக்குத் துணி தேவை. மலையில் போன் எடுக்கும், ஆனால் நம்பாதீர்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவோ, செடி பறிக்கவோ கூடாது. நடந்துபோக முடியாதவர்கள் கீழேயே ஜீப் பேசிக்கொண்டு வருவது நல்லது.

நிலுவையில் இருப்பவை இரண்டு. விதை முளைக்குமா என்பது புரட்டாசி முடிவதற்குள் தெரிந்துவிடும் என்கிறார் ஜெசிந்தா. அதற்கு மேலும் முளைக்காமல் மண்ணுக்குள் இருந்தால் அழுகியிருக்கும். மரம் எந்தப் பேரினம் என்ற கேள்விக்கு, முளைத்தாலும், அது வளர்ந்து பூத்துக் காய்க்க வேண்டும். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அவர் கணக்குப்படி எட்டிலிருந்து பத்து. அப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும்.