அலெக்குக்கு முதல் வாய்

பக்கத்து வீட்டு மோராக் எங்கள் வேலிக்கு வருமுன் கைத்தொலைபேசியில் அனுமதி கேட்பார். "வேலிக்கு வரலாமா?" என்று குறுஞ்செய்தி வரும். நாங்கள் வரச் சொல்லிப் பதில் அனுப்பிய பிறகுதான் அவருடைய வெள்ளைத் தொப்பி பலகைகளுக்கு மேலே எழும்பும். சில நாட்களில் அவர் வேலியடியில் நின்றபடியே அந்தச் செய்தியைத் தட்டுவது எங்கள் குசினி யன்னலால் தெரியும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு வைத்து, அதற்குள்ளால் நேரே அடுத்த வீட்டுக் குசினிக்குப் போய், சட்டி மூடியைத் திறந்து பார்த்து வளர்ந்தவர்கள். பென்டில் ஹில்லுக்கு வந்த புதிதில் மோராக்கின் இந்தப் பழக்கத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டோம். பிறகு மரியாதை என்று விளங்கிக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று இப்போது நினைக்கிறேன்.

கடந்த தைமாதம் ஒரு காலையில் அந்தச் செய்தி வந்தது. மோராக் பாத்திரம் துடைக்கும் துவாயில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பலகைக்கு மேலால் நீட்டினார். உள்ளே தேங்காய் அளவில், சாம்பல் நிறத்தில், இரு முனையும் கட்டிய உருண்டை. ஹகிஸ் என்றார். ஆட்டின் ஈரல், இதயம், சுவாசப்பை மூன்றையும் அரைத்து, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகுத்தூள் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து அவிப்பது. அவருடைய ஸ்கொட்லாந்துக்காரரின் முதன்மையான சாப்பாடு. இப்படி இன்னும் நான்கு தன் வீட்டில் இருப்பதாகவும், எல்லாவற்றையும் உடைத்து வதனியின் கட்லட்டைப் போல வாய்க்கு ஒன்றாக உருட்டிப் பொரித்துத் தர முடியுமா என்றும் கேட்டார். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் ஆட்கள் வருகிறார்கள். அவருடைய கணவர் அலெக் இறந்து ஒரு வருடம்.

வதனி என் மனைவி. வார இறுதிகளில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குக் கட்லட், ரோல்ஸ் செய்து கொடுக்கிறாள். எண்ணெய் மணம் வீட்டுக்குள் நிற்காதபடி பொரிப்பதெல்லாம் கராஜுக்குள். மிஞ்சியவை வேலிக்கு மேலால் போகும். அப்படித்தான் மோராக்குக்கு இந்தச் சுவை பழக்கம்.

"இஞ்சாருங்கோ, இது ஆட்டுக் குடலோ?" என்று வதனி கேட்டாள்.

"குடல் இல்லை. ஈரலும் சுவாசப்பையும்."

"அப்ப நல்ல சாமான்தானே. ரெண்டு பச்சை மிளகாய் வெட்டிப் போட்டா எழும்பும்."

நான் கேட்டுச் சொன்னேன். யாரையும் 'லவ்' என்று அழைக்கும் மோராக் கையை விரித்தார். "மிளகாய் மட்டும் வேண்டாம், லவ். அலெக்கின் அக்கா வருகிறாள். அவளுக்கு மிளகே கூடுதல்தான். செத்துப்போவாள்."

"ஒரு குடும்பத்துக்கு வருசத்தில ஒராள் செத்தது காணும்" என்றாள் வதனி. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஏன் சிறிதாக வேண்டும் என்பதை மோராக் கடைசியில்தான் சொன்னார். வழமையாக ஹகிஸ் முழுசாக மேசைக்கு வரும். ஒருவர் எழுந்து நின்று, சத்தமாகச் சில வரிகள் சொல்லி, கத்தியால் அதன் வயிற்றைக் கீறித் திறப்பார். அந்த வீட்டில் அது எப்போதும் அலெக். நாங்களே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் குரலைக் கேட்டிருக்கிறோம்; முதல் தடவை சண்டை என்று நினைத்து நான் யன்னலைச் சாத்தினேன். "முழுசாக வைத்தால் யாராவது கத்தியை எடுக்க வேண்டும்" என்றார் மோராக். "எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டாம்."

சனிக்கிழமை காலை வதனி தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். இங்கே தைமாதம் கோடை; அன்றைக்கு நாற்பது பாகைக்குக் கிட்ட வெயில் என்று வானொலி சொன்னதால், வெக்கைக்குத்தான் குளிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் நான் பத்திரிகையில் இருந்தவன். ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதித் தலைப்புப் போடுவது என் வேலை. கண்ணில் பட்டதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குக் காரணம் கேட்கும் பழக்கம் வீட்டுக்குள் வேலை செய்வதில்லை. நான் உருளைக்கிழங்கு உரித்தேன். அவள் ஹகிஸை உடைத்து, வெங்காயம் வதக்கி, கிழங்கோடு பிசைந்து, கையால் உப்பு அள்ளிப் போட்டாள். பாதியை உருட்டி, மாக் கரைசலில் தோய்த்து, பாண்தூளில் பிரட்டிப் பொரித்தெடுத்தாள். யாரும் பிழை பிடிக்க முடியாத பொன்னிறம். மற்றப் பாதி பிசைந்தபடி சட்டியில் இருந்தது.

மத்தியானம் மோராக் தட்டுகளோடு வந்தார், வழக்கம்போல அனுமதி கேட்டு. கராஜ் வாசலில் நின்று ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்லுவது நின்றது. மற்றப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். நானும் ஒன்றை வாயில் போட்டேன். கடல் தண்ணீர்.

கடையில் வாங்கும் ஹகிஸில் உப்பு ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வதனி அதைப் பச்சை இறைச்சி அரைத்த கணக்கில் பார்த்து உப்புப் போட்டிருக்கிறாள். ஆனால் எந்தக் கலவையையும் நாலு தரம் நாக்கில் வைத்துப் பார்க்காமல் உருட்டாதவள் அவள்.

"நீர் ருசி பாக்கேல்லையோ?" என்று அவளைக் கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? செத்த மனுசன்ர ஆண்டுச் சாப்பாடு. அந்தாளுக்கு வைக்க முன்னம் நான் வாயில வைக்கிறதோ?"

மோராக்குக்கு எங்கள் முகங்கள் மட்டும் விளங்கின. "அவள் சுவைத்துப் பார்க்கவே இல்லையா?" என்று என்னைக் கேட்டார். வதனி தன் ஆங்கிலத்தில் நேராகவே பதில் சொன்னாள்: "நோ, நோ. ஐ கனொட் ஈட் திஸ்."

மோராக் கையில் இருந்த பாதியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். "அருவருப்பாக இருந்தால் சொல்லியிருக்கலாம், லவ். எத்தனையோ பேருக்கு அப்படித்தான். நான் கேட்டிருக்கவே கூடாது." சுப்பர் மார்க்கட்டில் சொசேஜ் ரோல் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நடைபாதை வழியாகப் போனார்.

வதனிக்கு ஆட்டுக் குடலில் அருவருப்பு! ஞாயிறு குடல்கறிக்கு என்னை ஓபேர்ன் சந்தைவரை துரத்துகிறவள். அவள் கரண்டியைப் பிடித்தபடி, "உந்த மனுசி என்ன சொல்லிப்போட்டுப் போகுது?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓடிப்போய்ச் சொல்லுங்கோவன்! பேப்பரில இருந்தனான் எண்டு சொல்லுறியள், இதைச் சொல்லத் தெரியாதோ?"

ஊரில் அப்பாவின் எட்டுக்கு, அவர் இறந்த எட்டாம் நாள் படையலுக்கு, நான் பத்திரிகைக் கந்தோரிலிருந்து நேரே போனேன். அவருக்குப் பிடித்த விளைமீன் குழம்பும், இறைச்சியும், ஒரு கிளாசில் சாராயமும் படைப்பதற்காகக் காத்திருந்தன. இராப் பகலாகப் பசியோடு வேலை செய்த நான் ஒரு துண்டு இறைச்சியை எடுக்கக் கைநீட்ட, பெரியம்மா கரண்டிக்காம்பால் என் மணிக்கட்டில் அடித்தார். அவர் அன்று சமைத்த ஒன்றையும் நாக்கில் வைக்கவில்லை. ஆவியை மணந்தே உப்புச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. விளக்கம் கேட்கப்படாத ஒன்றை இன்னொரு மொழியில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது மோராக்கின் வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

முதலில், அது எங்களுக்குப் புனிதமான சாப்பாடு என்றேன். "நாங்கள் கோயில்காரர் இல்லை" என்றார் மோராக். "அலெக் துளிகூட இல்லை." கதவைச் சாத்தவும் இல்லை, அகலத் திறக்கவும் இல்லை. மரியாதைக்காக என்றேன். தலையசைத்தார், நம்பாமல். மூன்றாவது தரம் தலைப்புப் போடுவதைப் போல யோசித்து, இருக்கும் சொற்களைக் குறைத்தேன். "எங்கள் ஊரில், அவருடைய நாளில், முதல் வாய் அவருடையது. சமைத்தவள்கூட அவருக்குப் பிறகுதான்."

மோராக் கதவை அகலத் திறந்தார். "வெட்டுகிறவன் கடைசியில்தான் சாப்பிடுவான், தெரியுமா?" என்றார். "எல்லோருக்கும் பரிமாறி முடித்து அவன் உட்காரும்போது ஆறிப்போயிருக்கும். ஒவ்வொரு வருடமும் அலெக்கின் அதே முறைப்பாடு." பிறகு குசினிக்குள் போய், அவித்த கிழங்குப் பானையோடு திரும்பினார். உருளைக்கிழங்கும், நீப்ஸ் என்று அவர்கள் சொல்லும் மஞ்சள் கிழங்கும். ஹகிஸோடு மசித்து வைப்பதற்காக அவித்தது. இன்னும் உப்புப் போடவில்லை. அன்று முதல் தடவையாக அவர் அனுமதி கேட்காமல் எங்கள் கராஜுக்குள் நுழைந்தார்.

பொரித்த பாதி ஏற்கெனவே வாய் பட்டுவிட்டதால் அது கணக்கில் இல்லை என்றாள் வதனி. மிச்சக் கலவையில் மோராக்கின் கிழங்கைக் கொட்டிப் பிசைந்தார்கள். மோராக் பழக்கத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோனார். "நோ!" என்று வதனி போட்ட சத்தத்தில் விரல் அந்தரத்தில் நின்றது.

"நானுமா?"

"யூ ஆல்சோ. ஃபர்ஸ்ட் அலெக்."

"அப்படியென்றால் சரியாக வந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?"

"அலெக்" என்றாள் வதனி. மோராக் சிரித்த சிரிப்பில் பாண்தூள் பறந்தது. ஆனால் வதனி சிரிக்கவில்லை. உருட்டும்போது அவள் கை ஒவ்வொன்றிலும் ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது. இதுவும் பிழையாகப் போனால் சொசேஜ் ரோலுக்கும் நேரமில்லை.

நான்கு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அலெக்கின் தம்பி ராப் வொலொங்கொங்கிலிருந்து, கம்பளியில் சுற்றி ஒரு கத்தியைக் கொண்டுவந்திருந்தார். அது அண்ணனுடைய கத்தி, சென்ற வருடம் யாரோ அவரிடம் கொடுத்துவிட்டது. மோராக்கின் பின்வளவு மேசையைப் பார்த்தார். தட்டுகளில் சிறிய பொன்னிற உருண்டைகள், ஒவ்வொன்றிலும் பல்லுக்குத்தி.

"எங்கே சாமான்? யார் வெட்டுகிறது?"

"இன்றைக்கு வெட்டு இல்லை" என்றார் மோராக்.

மோராக் பயந்த அந்த நிமிடம் வந்துதான் விட்டது; எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து மூன்று உருண்டைகள் வைத்து, மேசைத் தலைப்பில் அலெக் உட்கார்ந்து வந்த வெறுங்கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கிளாசில் விஸ்கி. "முதலில் அலெக்" என்றார். "அதுவரை ஒருவரும் தொடக்கூடாது. என் அயலவர்களின் முறை."

வெயிலில், கையில் வெறும் கோப்பைகளோடு, ஒரு கூட்டம் ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கதிரையைப் பார்த்து நின்றார்கள். "உயிரோடு இருந்தபோது குடிக்கிற பார் ஒன்றைத் தவிர வேறெங்கும் அவன் முதல் ஆளாகப் போனதில்லை" என்றார் ராப். சிரித்தார்கள். அந்த மிளகு ஆகாத அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ராப் கையிலிருந்த கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு அதைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிரிப்பு அடங்கியது. மோராக் வதனியைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நேரம்? இது போதுமா?" என்று கேட்டார். எல்லாத் தலைகளும் அவளிடம் திரும்பின. ஊரில் இதைச் சொல்ல வயதான ஆம்பிளைகள் இருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வதனி என்னைப் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்தாள். ஒருவர் மூன்று உருண்டை சாப்பிட்டு ஒரு மிடறு குடிக்கும் நேரம் பொறுத்தாள்.

"காணும்" என்றாள். அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மோராக் தட்டை முதலில் அவளிடம்தான் நீட்டினார். "இனி நீ." வதனி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மோராக், ராப், அக்கா, பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவள் தாடையையே பார்த்தார்கள். விழுங்கிவிட்டு என் பக்கம் சரிந்து, "உப்புக் காணாதப்பா" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் மோராக்.

"அளவாக இருக்கிறதாம்" என்றேன்.

தட்டுகள் சுற்றின. அவர்களுக்கு உண்மையாகவே அளவாகத்தான் இருந்தது. அக்கா நாலாவதை எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் குசினி யன்னல் திறந்து கிடந்தது. உள்ளே மேசையில் மிளகாய்ச் சோஸ் போத்தலின் சிவப்பு மூடி இங்கிருந்தே தெரிந்தது. வதனி அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். நாலு எட்டில் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவள் போகவில்லை. அலெக்கின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடி, அந்த உப்புக் குறைந்த உருண்டைகளில் இன்னொன்றை எடுத்தாள்.