சித்தப்பாவின் ரவை டப்பா

மருமகள் ரவை வறுக்கும் வாசனை கூடத்துக்கு வந்ததுமே நான் பழைய திருவான்மியூருக்குப் போய்விட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர். சித்திரையில் அங்கே ஒரு வாரம் பஜனை நடக்கும். மயிலாப்பூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போவோம். கடை கண்ணி கிடையாது என்று அம்மா அப்பளம், வடுமாங்காய், விசிறி, விளக்கெண்ணெய் வரை டிரங்குப் பெட்டியில் அடைப்பாள். சித்தப்பா எடுத்துவருவது மிருதங்கமும் ஒரு டப்பா ரவையும்தான். ரவையைப் பிசைந்து இடப்பக்கத்தில் அப்பினால்தான் மிருதங்கம் கும்மென்று பேசும்.

ஒரு வருஷம் போய் இறங்கியதும் எங்களுக்கு அகோரப் பசி. அம்மா அவசரத்தில் கைக்கு அகப்பட்ட டப்பாவைத் திறந்து உப்புமா கிண்டிவிட்டாள்.

சாயங்காலம் பாகவதர் பாட உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா பையைத் துழாவினார்.

"மன்னி, என் ரவை டப்பா எங்கே?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அதைத்தானே மத்தியானம் ரெண்டு தரம் கேட்டு வாங்கிண்டேள்."

பந்தலே சிரித்தது. சித்தப்பா எழுந்துபோய், வெண்கலப் பானையின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்தார். கடுகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து அப்பி, ஒரு தட்டு தட்டினார். கும்மென்றது. அன்று பஜனை முடியும்வரை பந்தலில் பெருங்காயம் மணத்தது.

"உப்புமா எப்படி இருக்குப்பா?" என்று மருமகள் கேட்டாள்.

"கொஞ்சம் குழைஞ்சிருக்கு. மிருதங்கத்துக்கு நன்னா ஒட்டும்" என்றேன்.