பட்டினி எலிகளுக்குப் படையல்

சிசுரு என்ன வேலை பார்க்கிறாள் என்று ஜப்பானின் கனசாவா நகரத்தில் யார் கேட்டாலும், அவள் கணவர் மொரிகாஸு ஒரே பதில்தான் வைத்திருந்தார். "எலி வளர்க்கறா." அது பொய் இல்லை. ஆனால் வளர்ப்பது வேலையில் பாதிதான். மீதிப் பாதியில், மயக்க மருந்து கொடுத்த எலியின் நெஞ்சைத் திறந்து, பட்டாணி அளவு இதயத்தின் ரத்தக்குழாயை முடியைவிட மெல்லிய நூலால் கட்டுவாள். முடிச்சுக்குக் கீழே தசை வெளுத்துப் போகும். அடிபட்ட அந்த இதயம் தன்னை எப்படித் தேற்றிக்கொள்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் மாணவர்களும் ஆராய்வார்கள். கூண்டு கழுவுவதற்காகச் சேர்ந்தவள் அவள். படிக்க வந்தவர்கள் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்ததால் முடிச்சுப் போடும் வேலை அவள் கையில் தங்கிவிட்டது.

பிப்ரவரியில், கூரையிலிருந்து விழுந்த பனியை வாரிக்கொண்டிருந்த மொரிகாஸுவுக்கு மாரடைப்பு வந்தது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. ஓய்வில் இருந்த மனிதர் முதல் முறையாக மனைவியின் வேலையைப் பற்றி விசாரித்தார்.

சிசுரு முள்ளங்கி சீவியபடியே சொன்னாள். செல்லுக்குள் குப்பை சேரும். அடிபட்ட செல்லில் இன்னும் அதிகமாகச் சேரும். செல் அந்தக் குப்பையை ஒரு பைக்குள் பிடித்துப் போட்டு, கரைத்து, உருப்படியானதை எடுத்துத் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும். தன்னையே தின்று தேறுவது. அந்த வேலை நின்றுபோன எலிகளுக்கு இதயம் வீங்கிவிடுகிறது. பட்டினி கிடந்தால் அந்த வேலை வேகம் பிடிக்கும்.

மொரிகாஸுவின் காதில் கடைசி வரி மட்டும் தங்கியது.

மறுநாள் காலைச் சாப்பாட்டை விட்டார். கோடையில் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டார். சிசுரு மருத்துவரிடம் சொன்னாள். மருத்துவர் திட்டினார். மொரிகாஸு மரியாதையாகத் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து பட்டினியைத் தொடர்ந்தார். ஆனால் இறந்துபோன அம்மாவின் படத்துக்கு முன்னால் காலையில் ஆவி பறக்கும் சோறு வைப்பதை அவர் விடவில்லை. முன்பெல்லாம் ஆறியதும் அதை எடுத்து அவரே சாப்பிடுவார். இப்போது முற்றத்துச் சிட்டுக்குருவிகளுக்குப் போட்டார். குருவிகள் கொழுத்துக்கொண்டிருந்தன.

"அளவுக்கு மீறினா செல்லு நல்ல தசையையும் சேர்த்துத் தின்னுடும்," என்றாள் சிசுரு.

"அளவுன்னா எவ்வளவு?"

"தெரியாது."

"உங்க பேராசிரியருக்கு?"

"தெரிஞ்சா அவர் ஏன் இன்னும் எலி வாங்கிட்டிருக்கார்?"

அவர் அதைத் தன் கட்சிக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு நாள், குளியல் தொட்டியிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். சிசுரு துண்டோடு வாசலில் நின்று பார்த்தாள். இளைத்துப் போன இதயத்தின் சுவர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து கைப்பையில் ஓர் உருண்டைச் சோறு வைத்துக்கொண்டாள். அவர் தொடாததால் தினமும் சாயங்காலம் அதை அவளே சாப்பிட வேண்டியிருந்தது.

அக்டோபரில், ஆய்வில் இறந்த எலிகளுக்கான வருடாந்திரப் பிரார்த்தனை வந்தது. அவரைத் தனியாக விட்டுவரப் பயந்து கூடவே அழைத்துப் போனாள். விலங்குக்கூடத்தின் பின்னால் நினைவுக்கல். கறுப்பு உடையில் பேராசிரியர், மாணவர்கள். துறவி ஓதி முடித்ததும் ஒவ்வொருவராகப் பூ வைத்தார்கள். கல்லுக்கு முன்னால் ஆப்பிள் துண்டுகளும், கிண்ணம் நிறைய எலித்தீனியும் இருந்தன. தீனி வைப்பது ஒவ்வொரு வருடமும் சிசுருவின் பொறுப்பு.

மொரிகாஸு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த எலிக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

"பட்டினி போட்டீங்களே, அதுக்கும் சேர்த்தா?"

"அதுக்காகத்தான் கூட ஒரு பிடி."

"உயிரோட இருந்தப்ப போட்டிருக்கலாமே."

"போட்டா ஆராய்ச்சி கெட்டுடும்."

கூட்டம் கலைந்தது. ஒரு மாணவன் ஆப்பிள் துண்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு போனான்.

"என்னங்க," என்றாள் சிசுரு. "நீங்க போயிட்டா உங்க படத்துக்கு முன்னாடியும் தினம் காலையில சோறு வைப்பேன். சூடா, கிண்ணம் நிறைய. அப்ப வேண்டாம்னு சொல்ல உங்களால முடியாது."

"குருவிக்குப் போடுவ."

"மாட்டேன். நானே சாப்பிடுவேன். எனக்கு இப்பவே உடம்பு ஏறிட்டு இருக்கு."

மொரிகாஸு நினைவுக்கல்லின் படியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து உருண்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிரித்து, பாதி தின்றார்.

"உப்பே இல்ல."

"இருக்காது."

மீதியையும் தின்றார். பிறகு மாத்திரையைக் கேட்டார்.

மறுநாள் காலை முற்றத்துக்கு வந்த சிட்டுக்குருவிகள் வெகு நேரம் காத்திருந்தன.